மருந்தை உடைக்கும் நொதியம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிறுநீர்த் தொற்றுகளைப் பற்றி எழுதியபோது, சில பற்றீரியாக்கள் தம்மைக் கொல்ல வரும் மருந்தையே உடைத்துப்போடும் நொதியங்களை (இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை)ச் செய்துகொள்கின்றன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் ஏராளம் என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம். பரிசோதனை அறிக்கையின் பிரதியை இணைத்து, எந்த மருந்தை எடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே விடை கூறுவது முறையாகாது. அதை உங்களைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். அக்கடிதங்களில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் மாமியாருக்கு அடிக்கடி சிறுநீர் எரிச்சல் வருகிறது. முன்பெல்லாம் அமொக்சிசிலின் குளிசை கொடுத்தால் இரண்டு நாளில் குறைந்துவிடும். இப்போது அதே குளிசை கேட்பதே இல்லை. அவருடைய உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று லயத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சில காலம் நிறுத்திவைத்தால் மறுபடியும் கேட்குமா?
– வாசகி ஒருவர், நோர்வூட்

பதில்: உங்கள் மாமியாரின் உடம்புக்கு எதுவும் பழகிவிடவில்லை. நித்திரைக் குளிசைக்கும் சில வலி மருந்துகளுக்கும் உடம்பு பழகிப்போவது உண்டு. அவை நம்முடைய கலங்களின்மேல் வேலை செய்பவை என்பதே அதற்குக் காரணம். அமொக்சிசிலின் குறிவைப்பது பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டும் ஏற்பாட்டை. மனிதக் கலத்துக்குச் சுவரே கிடையாது. ஆகவே அவருடைய உடம்பு அப்படியே இருக்க, சிறுநீர்ப்பையில் இப்போது குடியேறியிருக்கும் பற்றீரியாதான் வேறாக இருக்கிறது. பெரும்பாலும் அது ஈ. கோலை என்னும் பற்றீரியாவாக இருக்கும். அது அவருடைய குடலிலிருந்தே வந்திருக்கும். அதனிடம் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியம் இருந்தால், அமொக்சிசிலின் அதன் சுவரை எட்டுமுன்பே உடைந்து போகிறது. உலகின் பல நாடுகளில் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஈ. கோலைகளில் பாதியோ அதற்கு மேலோ இன்று அமொக்சிசிலினுக்கு அடங்குவதில்லை.

நிறுத்திவைத்தால் கேட்குமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொண்டவரின் குடலிலும் சிறுநீரிலும் எதிர்ப்புள்ள பற்றீரியாக்களின் பங்கு கூடுகிறது. முதல் மாதத்தில் மிக அதிகமாகவும், பின்னர் படிப்படியாகக் குறைந்தும், ஏறக்குறைய ஒரு வருடம் வரை அதன் சாயல் தெரியும். ஆனால் குறைந்தது என்பது அழிந்தது ஆகாது. எனவே காலம் கடந்துவிட்டது என்று பழைய குளிசையைத் தாமாகவே மீண்டும் தொடங்குவதைவிட, சென்ற ஒரு வருடத்தில் அவர் எந்தெந்த மருந்தை எடுத்தார் என்பதைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டிச் சிறுநீரைக் கல்ச்சர் செய்து, அதாவது அதிலுள்ள பற்றீரியாவை வளர்த்து, பார்க்கச் சொல்வதே பயனுள்ளது.

கேள்வி: உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். நொதியம் மருந்தை “உடைக்கிறது” என்றால் இரசாயன ரீதியில் நடப்பது என்ன? மருந்தின் எந்த இடத்தில் உடைக்கிறது?
– மாணவர் ஒருவர், தலவாக்கலை

பதில்: பெனிசிலின், அமொக்சிசிலின், குளொக்சசிலின், செபலெக்சின், செப்ட்ரியாக்சோன், மெரொபெனம் ஆகிய யாவற்றிலும் பொதுவாக ஒரு சிறு வளையம் உண்டு. மூன்று காபன் அணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் சேர்ந்த அந்த நாற்பக்க வளையத்துக்குப் பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். அணுக்கள் இயல்பாக விரும்பும் கோணத்தைவிட மிகக் குறுகிய, ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த வளையம் எப்போதும் இழுவிசையோடு, திறந்துகொள்ளத் தயாராக இருக்கிறது. மருந்தின் வலிமையும் அங்கேதான், பலவீனமும் அங்கேதான்.

பற்றீரியா தன் சுவரைக் கட்டும்போது, சர்க்கரைச் சங்கிலிகளிலிருந்து தொங்கும் சிறு பெப்தைட்டுகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கிறது. இந்தப் பிணைப்பைச் செய்யும் நொதியம், பெப்தைட்டின் நுனியிலுள்ள இரண்டு டீ-அலனின் அமினோவமிலங்களை அடையாளம் கண்டு பற்றுகிறது. பெனிசிலினின் வடிவம் அந்த நுனியை ஒத்திருப்பதால், நொதியம் ஏமாந்து அதைப் பற்ற, நொதியத்தின் உயிர்ப்பு மையத்திலுள்ள செரீன் என்ற அமினோவமிலம் பீட்டா-லாக்டம் வளையத்தைத் தாக்கித் திறக்கிறது. திறந்த மருந்து செரீனோடு பங்கீட்டுப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டு விலகுவதே இல்லை. சுவர் கட்டும் வேலை நின்று, கடைசியில் கலம் வெடிக்கிறது.

இப்போது பீட்டா-லாக்டமேஸைப் பாருங்கள். அதன் மிகப் பெரிய பிரிவிலும் உயிர்ப்பு மையத்தில் இருப்பது செரீன்தான்; அதுவும் அதே வளையத்தை அதே விதமாகத்தான் திறக்கிறது; மருந்து அதனோடும் ஒரு கணம் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் சுவர் கட்டும் நொதியத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. சரியான இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு நிறுத்திவைக்கப்பட்டிருக்க, அது ஒட்டிய பிணைப்பை வெட்டிவிடுகிறது. வளையம் திறந்து பயனற்றுப் போன மருந்து வெளியேற, நொதியம் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிறது. தனக்கு மிகவும் ஒத்துவரும் மருந்தாயின், ஒரே நொதிய மூலக்கூறு ஒரு செக்கனில் ஆயிரம் மருந்து மூலக்கூறுகள் வரை இவ்வாறு உடைக்கக்கூடும். மருந்துக்குப் பலியாகும் நொதியமும் மருந்தைப் பலியிடும் நொதியமும் ஒரே பரம்பரையில் வந்த பங்காளிகள் என்று அவற்றின் முப்பரிமாண அமைப்பை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நொதிய இயலில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பாடநூலில் இதற்கு ஒரு பந்தியாவது கொடுத்திருக்கலாம்.

செரீன் இல்லாத இன்னொரு பிரிவும் உண்டு. அதன் மையத்தில் நாக (சிங்க்) அயன்கள் இருக்கின்றன. அவை நீர் மூலக்கூறை நேரடியாகவே தூண்டி வளையத்தை வெட்டச் செய்கின்றன. 1980இல் அம்பிளர் என்பவர் தொடங்கிவைத்த வகைப்பாட்டில் ஏ, சீ, டீ ஆகிய வகுப்புகள் செரீன் கொண்டவை, பீ வகுப்பு நாகம் கொண்டது. பரீட்சையில் கேட்டால், இரு பிரிவிலும் நடப்பது நீர்ப்பகுப்பு என்று எழுதுங்கள். ஒட்சியேற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மனிதர்கள் மருந்தைத் தாறுமாறாகப் பயன்படுத்தியதால்தான் இந்த நொதியங்கள் உண்டாயின என்று பாடசாலையில் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அது சரிதானா?
– ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

பதில்: பாதி சரி. பரவியதற்கு நாம் காரணம். பிறந்ததற்கு நாம் காரணமல்ல. அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். ஒக்ஸ்போர்ட்டில் அதைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்த குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஏபிரகாமும் ஏர்ன்ஸ்ட் செயினும், ஈ. கோலையை அரைத்து எடுத்த சாறு பெனிசிலினைச் செயலிழக்கச் செய்வதைக் கண்டு, அதிலுள்ள நொதியத்துக்குப் பெனிசிலினேஸ் என்று பெயரிட்டு 1940 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதே குழு ஒக்ஸ்போர்ட்டில் முதல் நோயாளிக்குப் பெனிசிலின் ஏற்றிச் சிகிச்சை தொடங்கியது 1941 பெப்ரவரியில். அதாவது மருந்து வைத்தியசாலைக்குள் நுழையுமுன்பே அதை முறிக்கும் நொதியம் அச்சேறிவிட்டது.

இன்னும் பின்னால் போகலாம். கனடாவின் யூகோன் பகுதியில் சுமார் 30,000 வருடங்களாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த டீ.என்.ஏயில் பீட்டா-லாக்டமேஸுக்குரிய பரம்பரையலகுகள் இருப்பதை 2011இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. மண்ணில் வாழும் பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் ஒன்றையொன்று அடக்க இத்தகைய பொருள்களைச் சுரந்துவந்த காலமெல்லாம், அவற்றுக்கு முறிவும் கூடவே இருந்துவந்திருக்கிறது.

நாம் செய்தது, அரிதாக இருந்ததைச் சாதாரணமாக்கியது. லண்டன் வைத்தியசாலை ஒன்றில் மேரி பார்பர் என்ற பற்றீரியவியலாளர் ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாக்களைத் தொடர்ந்து பரிசோதித்துவந்தபோது, 1946இல் சுமார் 14 வீதமாக இருந்த பெனிசிலின் எதிர்ப்பு 1948இல் பாதியைத் தாண்டிவிட்டது. பெனிசிலினேஸ் செய்யத் தெரியாதவை மருந்தில் மடிய, தெரிந்தவை வார்டுகளை நிரப்பின. மாணவர்களிடம் “நாம் உண்டாக்கினோம்” என்பதற்குப் பதிலாக “நாம் தெரிவு செய்தோம்” என்று சொல்லுங்கள்; இயற்கைத் தேர்வு பாடத்துக்கும் அது பொருந்திவரும்.

கேள்வி: சாதாரண அமொக்சிசிலினுக்குக் கேட்காத தொற்றுக்கு வைத்தியர்கள் “625” எழுதுகிறார்கள். அது கூடிய வீரியமுள்ள அமொக்சிசிலின்தானே? அப்படியானால் 375 குளிசை இரண்டைக் கொடுத்தாலும் ஒன்றுதானே?
– மருந்தகத்தில் பணிபுரியும் வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டும் தவறு. 625 குளிசையில் இருப்பது 500 மில்லிகிராம் அமொக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளவுலானிக் அமிலமும். 375இல் 250உம் 125உம். இரண்டு 375ஐக் கொடுத்தால் கிளவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிறது. அதனால் வயிற்றோட்டம் கூடுமேயன்றி வேறு நன்மை இல்லை. ஒன்றுக்கொன்று மாற்றாகத் தரவே கூடாது.

கிளவுலானிக் அமிலம் தன்னளவில் பற்றீரியாவைக் கொல்லும் வலிமை ஏறத்தாழ இல்லாத ஒரு பொருள். ஸ்ட்ரெப்டோமைசெஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு மண் பற்றீரியாவிலிருந்து 1970களில் எடுக்கப்பட்டு, அமொக்சிசிலினோடு சேர்த்து 1981இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதற்குள்ளும் பீட்டா-லாக்டம் வளையம் இருப்பதால் பீட்டா-லாக்டமேஸ் அதையும் மருந்தென்று எண்ணிப் பற்றுகிறது. ஆனால் தூண்டிற் புழுவைக் கௌவிய மீனைப்போல், பற்றிய பின் விடமுடியாமல் மாட்டிக்கொள்கிறது. நொதியம் இவ்வாறு முடங்கியிருக்க, கூடவந்த அமொக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கிறது. ஆகவே 625 என்பது வீரியத்தைக் கூட்டிய மருந்தன்று. மருந்தும் அதற்கொரு காவலும். எதிர்ப்பு இந்த நொதியத்தால் வந்ததல்லாதபோது இந்தக் காவலால் ஒரு பயனும் இல்லை. உதாரணமாக, எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் ஸ்டபிலோகொக்கஸ், சுவர் கட்டும் நொதியத்தையே மருந்து ஒட்டாத வேறொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதால், 625 அதனிடம் செல்லாது.

நொதியங்களும் சும்மா இருக்கவில்லை. பழைய பீட்டா-லாக்டமேஸ்கள் பெனிசிலின்களையே பெரிதும் உடைத்தன. அவற்றிடமிருந்து தப்பவென்றே செபோடாக்சிம், செப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாந் தலைமுறைச் செபலோஸ்போரின்கள் வந்தன. சில வருடங்களிலேயே அவற்றையும் உடைக்கும் நொதியங்கள் தோன்றின. இவைதாம் அறிக்கைகளில் ஈ.எஸ்.பி.எல். என்று எழுதப்படுபவை, அகன்ற வீச்சுள்ள பீட்டா-லாக்டமேஸ்கள் என்று பொருள். அவற்றுக்கும் ஈடுகொடுக்கும் மெரொபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் நொதியங்கள் அதன் பின்னர் வந்தன. அவற்றுள் நாகம் கொண்ட என்.டீ.எம். கிளவுலானிக் அமிலத்துக்குச் சற்றும் அசைவதில்லை. ஒட்டிக்கொள்ள அதனிடம் செரீனே இல்லையே!

இந்த நொதியங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒழுங்கென்று எதுவும் கிடையாது. ஏதென்ஸில் 1960களில் ஒரு நோயாளியின் மாதிரியில் கிடைத்த நொதியத்துக்கு அந்த நோயாளியின் பெயரிலிருந்து மூன்று எழுத்தை எடுத்து டி.ஈ.எம். என்றார்கள். சீ.டி.எக்ஸ்.-எம். என்பதில் முதல் மூன்று எழுத்து செபோடாக்சிமையும், கடைசி எழுத்து மியூனிக் நகரையும் குறிக்கின்றன. 2008இல் புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் கிளெப்சியெல்லா பற்றீரியாவில் கண்ட நொதியத்துக்கு டில்லியின் பெயரையே வைத்து என்.டீ.எம். என்றழைத்ததால் இந்திய அரசு கோபித்துக்கொண்டது. கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். பற்றீரியாவுக்குக் கடவுச்சீட்டு இல்லை.

கேள்வி: பெனிசிலின் இனத்தை விட்டு வேறு இன மருந்துக்கு மாறினால் நொதியத் தொல்லை தீருமா?
– மாணவி ஒருவர், பதுளை

பதில்: பீட்டா-லாக்டமேஸின் தொல்லை தீரும், வளையமே இல்லாத மருந்தை அது ஒன்றும் செய்யாது. ஆனால் வேறு நொதியங்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவற்றை உடைப்பதில்லை. அவற்றின்மேல் ஓர் அசெற்றைல் கூட்டத்தையோ பொசுபேற்றையோ அடினைல் கூட்டத்தையோ ஒட்டிவிடுகின்றன. ஒட்டு விழுந்த மருந்து, தான் தாக்கவேண்டிய ரைபோசோமில் (பற்றீரியா புரதம் கட்டும் இடத்தில்) பொருந்தாது. குளோரம்பெனிகோலை முறிப்பதும் அசெற்றைல் ஒட்டும் ஒரு நொதியமே. வியப்புக்குரியது சிப்ரொபுளொக்சசினின் கதை. அது முற்றிலும் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட மருந்து என்பதால் இயற்கையில் அதற்கு நொதியம் இருக்காது என்று நம்பினார்கள். ஜென்டமைசின் இன மருந்துகளுக்கு அசெற்றைல் ஒட்டிவந்த ஒரு பழைய நொதியம், இரண்டே அமினோவமிலங்கள் மாறியதால், சிப்ரொபுளொக்சசினுக்கும் ஒட்டப் பழகிக்கொண்டதை 2006இல் கண்டறிந்தார்கள். அதனால் வரும் எதிர்ப்பு சிறிதுதான் என்றாலும், மற்ற மாற்றங்களோடு சேர்ந்தால் போதுமானது. கடைசி மருந்து என்று வைத்திருந்த கொலிஸ்டினுக்கும், பற்றீரியாவின் வெளிமென்சவ்வில் ஒட்டு வைக்கும் எம்.சீ.ஆர்.-1 என்ற நொதியத்தைச் சீனாவில் பன்றிகளிலும் மனிதர்களிலும் கண்டு 2015இல் அறிவித்தார்கள்.

கேள்வி: நான் அன்டிபயோட்டிக் அதிகம் எடுத்தவனே அல்லன். ஆனால் என் சிறுநீர் அறிக்கையில் ஈ.எஸ்.பி.எல். என்று வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டு, கோப்பை எல்லாம் தனியாக வைக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், நானுஓயா

பதில்: தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. உறவினர் வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைப்போல் இன்னும் சில கடிதங்களில் தெரியும் பயத்தைப் பார்த்தால், அறிக்கையைக் கையில் கொடுத்தவர்கள் இரண்டு வார்த்தை விளக்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

மருந்தே எடுக்காதவரிடம் இது வருவதற்குக் காரணம், நொதியத்துக்குரிய பரம்பரையலகு இருக்கும் இடம். பெரும்பாலும் அது பற்றீரியாவின் பிரதான நிறமூர்த்தத்தில் இல்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு டீ.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. இரண்டு பற்றீரியாக்கள் தொட்டுக்கொண்டால் பிளாஸ்மிட்டின் பிரதியொன்று ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும்; இனம் வேறாயிருந்தாலும் போகும். யப்பானில் 1950களில் வயிற்றுளைவு நோயாளிகளின் ஷிகெல்லா பற்றீரியா பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் எதிர்ப்புக் காட்டியதை ஆராய்ந்தபோதுதான், ஈ. கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே எதிர்ப்பு கைமாறுவது வெளிச்சமாயிற்று. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சீ.டி.எக்ஸ்.-எம். நொதியத்தின் மூதாதையே குளுய்வெரா என்ற, மனிதருக்கு அதிகம் தீங்கு செய்யாத சூழல் பற்றீரியாவின் நிறமூர்த்தத்திலிருந்து பிளாஸ்மிட்டில் ஏறி வந்ததுதான். அதே பிளாஸ்மிட்டில் ஜென்டமைசின், கோ-ட்ரைமொக்சசோல் போன்ற வேறு மருந்துகளுக்கு எதிரான பரம்பரையலகுகளும் சேர்ந்து பயணிப்பதால், ஒரு மருந்தைத் தேவையின்றி எடுத்தாலும் மற்ற எல்லா எதிர்ப்பும் கூடவே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இந்தப் பற்றீரியா உணவு, நீர், கழுவாத கை ஆகியவற்றின் வழியே குடலுக்குள் போய், மாதக்கணக்கில் ஒரு கெடுதலும் செய்யாமல் தங்கலாம். தெற்காசியாவில் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களிலும் கணிசமானோர் இதைக் குடலில் சுமக்கிறார்கள். சுமப்பதற்குச் சிகிச்சை இல்லை, தேவையும் இல்லை. கழிப்பறைக்குப் போய்வந்தும் சமைக்குமுன்னும் சவர்க்காரத்தால் கை கழுவுவதே வீட்டிலுள்ளவர்களுக்குப் போதிய பாதுகாப்பு. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், அறிக்கையில் மட்டும் பற்றீரியா வந்திருந்தால், கர்ப்பிணிகளையும் சில சத்திரசிகிச்சைகளுக்குத் தயாராவோரையும் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்தே கொடுப்பதில்லை. நோய்க்குறி இருந்தாலும் எல்லாக் கதவும் அடைபட்டதாக எண்ண வேண்டாம். நைத்ரொபியூரன்டொயின், பொஸ்போமைசின் போன்றவற்றில் பீட்டா-லாக்டம் வளையம் இல்லாததால் இந்த நொதியம் அவற்றைத் தொடாது. உங்கள் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்பதை வைத்தியர் முடிவு செய்வார். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இனி எந்த வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாலும் இந்த அறிக்கையைக் காட்டுங்கள். கடுங்காய்ச்சலோடு போகும் நாளில், முதல் ஊசியாக எதைப் போடுவது என்று வைத்தியர் முடிவு செய்ய அது மிகவும் உதவும்.

கேள்வி: சிறுநீரை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அரை நாள் ஆகிவிடுகிறது. அதனால் அறிக்கை பிழையாகுமா? ஆய்வுகூடத்தில் நொதியம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: பிழையாகும். சிறுநீரில் பற்றீரியா மிக வேகமாகப் பெருகும். அறை வெப்பநிலையில் சில மணித்தியாலம் வைத்திருந்தால், தோலிலிருந்து தவறி விழுந்தவைகூடப் பன்மடங்காகிவிடும். தொற்று உண்டென்று கொள்ள வழக்கமாகப் பார்க்கும் அளவே ஒரு மில்லிலீற்றரில் 1,00,000 என்பதால், தாமதித்த மாதிரி இல்லாத நோயை இருப்பதாகக் காட்டக்கூடும். நுவரெலியாக் குளிர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் 4 பாகை செல்சியசில், அதாவது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பஸ்ஸில் ஐஸ் துண்டுகளோடு கொண்டுபோங்கள். உறையவிட வேண்டாம். இயலுமானால் வைத்தியசாலைக்கே போய், அங்கேயே, முதலில் வருவதைக் கழியவிட்டு இடைப்பகுதியைப் போத்தலில் பிடித்துக் கொடுப்பதே சிறந்தது. அதுவும் மருந்து தொடங்குமுன்.

ஆய்வுகூடத்தில் பற்றீரியாவை ஏகார் என்னும் ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு கடதாசி வட்டங்களை அதன்மேல் வைத்து, 35 பாகையில் ஓர் இரவு வளர்க்கிறார்கள். மருந்து வேலை செய்யும் இடத்தில் வட்டத்தைச் சுற்றி வெளி உண்டாகும். ஈ.எஸ்.பி.எல். இருப்பதைக் காண, செபோடாக்சிம் வட்டத்துக்கு அருகே கிளவுலானிக் அமிலமுள்ள வட்டத்தை வைப்பார்கள். செபோடாக்சிமைச் சுற்றிய வெளி கிளவுலானிக் அமிலத்தின் பக்கமாக மட்டும் புடைத்து நீண்டால், அந்தப் பக்கத்தில் நொதியம் முடங்கிவிட்டது என்று பொருள். பல இலட்சம் ரூபாய் இயந்திரங்கள் செய்வதை, இரண்டு கடதாசித் துண்டுகள் கண்ணுக்கே காட்டிவிடுகின்றன. ஆய்வுகூடப் பணியில் இருப்பவர்களுக்கு அந்தப் புடைப்பைப் பார்க்கும்போது வரும் திருப்தி தனி. நைத்ரோசெபின் என்ற நிறம் மாறும் செபலோஸ்போரின் இன்னொரு வழி. நொதியம் அதன் வளையத்தை உடைத்ததும் மஞ்சள் சிவப்பாகும்.

கேள்வி: ஒன்பது வயதான என் மகனுக்கு வாதக் காய்ச்சலால் இதயத்தில் பாதிப்பு. கிளினிக்கில் தொடர்ந்து பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். இத்தனை வருடம் போட்டால் பற்றீரியா நொதியம் உண்டாக்கிக்கொண்டு ஊசி பயனற்றுப் போகாதா? நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம்.
– தந்தை ஒருவர், இராகலை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வாதக் காய்ச்சலுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜெனிஸ், தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் அந்தப் பற்றீரியா, எண்பது வருடங்களுக்கு மேலாகப் பெனிசிலினைச் சந்தித்தும் அதை உடைக்கும் நொதியத்தை இன்றுவரை பெறவில்லை. ஏன் பெறவில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கங்களை முன்வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது, ஊசி இன்றும் முன்போலவே வேலை செய்கிறது என்ற உண்மை. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசி, புதிதாக ஒரு தொண்டைத் தொற்று வந்து இதய வால்வுகளை மேலும் கெடுக்காமல் தடுக்கவே போடப்படுகிறது. மழையென்றோ, பஸ் இல்லையென்றோ ஒரு தவணை தவறினால்கூட அந்த இடைவெளியில் மகன் பாதுகாப்பின்றி இருப்பான். எப்போது நிறுத்துவது என்பதை இதயநோய் வைத்தியர் மட்டுமே சொல்ல வேண்டும்.

கேள்வி: சுகமானதும் மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு உண்டாகும் என்கிறார்கள், அதிக நாள் எடுத்தாலும் எதிர்ப்பு வரும் என்கிறார்கள். எது சரி?
– வாசகி ஒருவர், ஹப்புத்தளை

பதில்: நோயைப் பொறுத்தது. காசநோய்க்கு ஆறு மாதத்தில் ஒரு நாளையும் விடக்கூடாது. அங்கே எதிர்ப்பு வருவது நொதியம் கைமாறுவதால் அல்ல, நோயாளியின் நுரையீரலிலேயே நிகழும் மரபு மாறல்களால் என்பதால், அரைகுறைச் சிகிச்சை நேரடியாக எதிர்ப்பை வளர்க்கும். சாதாரண சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல் (நியூமோனியா) போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே எதிர்ப்பு பெரும்பாலும் வளர்வது நோயுள்ள இடத்தில் அன்று, குடலில் வாழும் பற்றீரியாக் கூட்டத்தில். எனவே தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் அந்தக் கூட்டத்தில் நொதியமுள்ளவற்றின் பங்கைக் கூட்டும். இதனால்தான் முன்பு பத்து நாள் கொடுத்த சில நோய்களுக்கு இப்போது ஐந்து நாள் எழுதுகிறார்கள். எழுதிய அளவை எடுங்கள். குறைப்பதானால் கேட்டுக் குறையுங்கள். மிஞ்சிய குளிசையைப் பக்கத்து லயத்துக் குழந்தையின் தடிமனுக்குக் கொடுக்க வேண்டாம். தடிமன் வைரசால் வருவது. அதற்குக் கொத்தமல்லித் தண்ணீரும் ஓய்வும் போதும்.

கேள்வி: பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் இந்த நொதியமும் அழியுமா?
– வாசகர் ஒருவர், மாத்தளை

பதில்: பற்றீரியாவும் அழியும், அதன் நொதியமும் இயல்பிழக்கும். நொதியம் இருப்பதால் பற்றீரியா வெப்பத்தை அதிகம் தாங்குவதில்லை. நன்றாகக் கொதித்தால் போதும்.

கேள்வி: மாட்டுக்கு மடிவீக்கம் வந்தபோது மிருக வைத்தியர் முலைக்காம்பு வழியே மருந்து ஏற்றினார். அந்தப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் எடுக்க மறுத்துவிட்டார்கள். காய்ச்சிக் குடித்தால் என்ன? தயிர் போட்டுப் பார்த்தோம், உறையவும் இல்லை.
– பால் பண்ணையாளர் ஒருவர், லிந்துலை

பதில்: தயிர் உறையாததே உங்களுக்கு விடை சொல்லியிருக்கிறது. உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள் பெனிசிலின் இன மருந்துகளுக்கு மிக எளிதில் மடிபவை; பாலில் சிறிதளவு மருந்து இருந்தாலும் அவை வளரா. காய்ச்சுவதால் மருந்து முழுமையாக அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே ஆபத்தாகலாம். மடிவீக்கத்துக்குக் காரணமான ஸ்டபிலோகொக்கஸ் பல இடங்களில் பெனிசிலினேஸ் செய்வதால்தான் வெறும் பெனிசிலினுக்குப் பதிலாகக் குளொக்சசிலின் ஏற்றுகிறார்கள். அதன் பக்கச்சங்கிலி பருமனாக இருப்பதால் நொதியம் வளையத்தை நெருங்க முடிவதில்லை. மருந்துக் குழாயின் உறையில் கடைசி ஏற்றலுக்குப் பின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது வேறுபடும் என்பதால், உறையை வீசாமல் வைத்திருங்கள். ஒரு காம்பில் மட்டும் ஏற்றினாலும் நான்கு காம்பின் பாலையும் விலக்க வேண்டும். வீணாகிறதே என்று அதைக் கன்றுக்கு ஊட்டும் பழக்கமும் இருக்கிறது. அதையும் விடுங்கள்; சிறிதளவு மருந்து கலந்த பாலை நாள்தோறும் குடிக்கும் கன்றின் குடலில் நொதியமுள்ள ஈ. கோலை பெருகி, சாணத்தோடு வெளியேறி, அது எருவாகப் போகும் மரக்கறிப் பாத்திக்கும் போய்ச் சேரும்.